கிட்டார் மெட்டை அனுப்பும் முன்

பெங்களூரு அல்சூர் வீட்டு மாடியறையில் எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துப் பதிவு செய்த ஒரு மெட்டை நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர் மச்சி", கூடவே நாலைந்து கட்டைவிரல். அதை வைத்து என்ன செய்ய? அடுத்த முறை கேள்வியோடு அனுப்பினேன்: "இரண்டாவது வரியில் கம்பியை இழுக்கிற இடத்தில் சுருதி சேருதா?" உடனே ஒருவன், "கொஞ்சம் கீழேயே நிக்குதுடா" என்றான். கேட்டுப் பார்த்தேன், நிஜம்தான்.

ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். தரம் குறையாமல் அப்படியே போகும். பதிவில் சத்தம் அதிகமான இடம்கூட மீட்டரில் மைனஸ் 6 டெசிபல் அளவில் (பூஜ்ஜியம்தான் உச்ச எல்லை) இருக்கட்டும். ஒலி உடைந்துவிட்டால் பிறகு ஒட்டவைப்பது கஷ்டம்.

கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் 'ம்ம்ம்' என்று பின்னால் ஓடும். கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி உட்கார்ந்து, கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் அடங்கும். எனக்கு ஜன்னல் பக்கம்.

அப்புறம், தடித்த ஈ (E) கம்பியின் அடிநாதம் சுமார் 82 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது சரியாக வராது. "ஹெட்போன்ல கேளுடா" என்று மறக்காமல் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.