எடைக்குறைப்பு ஊசி போடுபவர்கள் கணைய அழற்சியை அடையாளம் காண்பது எப்படி?

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் வசிக்கும் அக்கா ஒருவர் எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு அவருக்கு மேல்வயிற்றில் வலி தொடங்கியது. ஊசி போட்டால் வயிறு படுத்தும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்ததால், ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு, படுக்க முடியாமல், மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். முன்னால் குனிந்தால் சற்றே தணியும் அந்த வலி கணைய அழற்சியின் அடையாளம் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்த சுரப்பி. இன்சுலினோடு, உணவைச் செரிக்கும் நொதிகளையும் அது சுரக்கிறது. சிறுகுடலை அடைந்த பிறகே வீரியம் பெற வேண்டிய அந்த நொதிகள் சுரப்பிக்குள்ளேயே வீரியம் பெற்றுவிட்டால், கணையத்தின் திசுவையே செரிக்கத் தொடங்குகின்றன. பித்தப்பைக் கல்லும் மதுவும் இதற்கு முதன்மைக் காரணங்கள். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டுவதும் ஒரு காரணம்.

மருந்தின் பங்கு என்ன என்பதில் நிதானம் தேவை. இன்றைய எடைக்குறைப்பு ஊசிகளில் உள்ள செமாகுளூடைடு, டிர்செபடைடு ஆகிய மருந்துகளுக்கு முன்னோடியான எக்செனடைடு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007-லேயே கணைய அழற்சி குறித்த எச்சரிக்கை வந்தது. ஆனால் செமாகுளூடைடு பற்றி 17,604 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களிடம் இந்நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படவில்லை. ஆயினும் அரிதாகச் சிலருக்கு வருவதால், மருந்துடன் வரும் குறிப்பில் எச்சரிக்கை நீடிக்கிறது. சிலருக்கு மட்டும் வருவதில் மரபணுவுக்குப் பங்குண்டா என்று பிரிட்டன் 2025-இல் ஆராயத் தொடங்கியது. மறைமுகமான வழி ஒன்றும் உண்டு: உடல் எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது, அக்கல் நகர்ந்து, பித்தமும் கணைய நீரும் சிறுகுடலுக்குச் செல்லும் பொதுக்குழாயை அடைத்தால் கணையம் அழற்சியுறுகிறது. அக்காவுக்கும் கல் இருந்தது. ஊசிதான் காரணம் என்று மருத்துவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

எனவே ஊசியைத் தொடங்குமுன், முன்பு கணைய அழற்சி வந்ததா, பித்தக்கல் உண்டா, மது அருந்தும் பழக்கம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செமாகுளூடைடு ஊசியை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாக உயர்த்துவதே முறை. சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று நீங்களாகவே அளவைக் கூட்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

அளவு உயரும் நாட்களில் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கும் வருவதுண்டு. பெரும்பாலும் வந்து வந்து போகும். கணைய வலி அப்படி விட்டு விட்டு வருவதில்லை. மேல்வயிற்றில் கடுமையாகத் தொடங்கி, முதுகுவரை பாய்ந்து, மணிக்கணக்கில் தணியாமல் நிற்கும். பலருக்கு வாந்தியும் சேரும், ஆனால் வாந்தி எடுத்த பின்னும் வலி விடாது. அத்தகைய வலி வந்தால் அடுத்த ஊசியைப் போடாதீர்கள். வாயுவுக்கான மருந்தை விழுங்கிவிட்டு விடியலுக்காகக் காத்திராமல், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு எண் 108.

அங்கே ஊசியின் பெயரையும் அளவையும் கடைசியாகப் போட்ட தேதியையும் முதலிலேயே சொல்லுங்கள்; செமாகுளூடைடு கடைசி ஊசிக்குப் பிறகும் சுமார் ஐந்து வாரங்கள் உடலில் இருக்கும். இந்தி தடுமாறும் பெரியவர்கள் 'பேட் கே ஊபர் தர்த் ஹை, பீட் தக் ஜாதா ஹை' என்று சொல்லலாம். பேட் என்றால் வயிறு, பீட் என்றால் முதுகு. வலியின் பதற்றத்தில் இரண்டும் குழம்பிவிடும் என்பதால் கையால் தொட்டும் காட்டுங்கள். இரத்தத்தில் லைபேஸ் என்னும் கணைய நொதி இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பதும், மேற்சொன்ன வகை வலியும் சேர்ந்தாலே நோய் உறுதியாகிறது. கல் உண்டா என்று அறிய அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். சிகிச்சையின் அடிப்படை, இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவதும் வலியைத் தணிப்பதும்தான்.

கணைய அழற்சி உறுதியானால் அந்த ஊசியை மீண்டும் தொடங்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் மிச்சமிருக்கும் பேனா ஊசியை, வீணாகிறதே என்று தங்கைக்கோ மருமகளுக்கோ கொடுத்துவிட வேண்டாம்.