ஒழுங்கைக்குப் போட்ட கொங்கிறீட்டின்ர கணக்கைப் பிரதேச சபையிட்ட கேட்டு வாங்கிறது எப்பிடி

2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாதெண்டு அரசாங்கம் அறிவிச்சு, ஜூலையில ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினாப் பிறகு இலங்கையில ஊழலைப் பற்றிக் கதைக்காத ஆளில்லை. 2023ல ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) காசு தர ஒத்துக்கொண்டு, அதே வருசம் செப்டெம்பர்ல எங்கட ஆட்சிமுறையில எங்கெங்க ஓட்டையெண்டு ஒரு மொத்த அறிக்கையும் போட்டுது, ஆசியாவில அப்பிடி ஒண்டு வந்தது அதுதான் முதல் தரம். 2023ம் ஆண்டின் 9ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது, 2024ல ஆட்சியும் மாறினது. எல்லாம் நல்லதுதான், ஆனா உங்கட ஒழுங்கையில போட்ட கொங்கிறீட் ஒரு மாரியோட வெடிச்சா அதைப் பாக்கக் கொழும்பில இருந்து ஒருத்தரும் வரப்போறதில்லை, அதை நீங்கள்தான் கேக்கோணும்.

முதல்ல எதைக் கேக்கிறதெண்டு முடிவெடுங்கோ. 2020 ஒக்ரோபரில சீனி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயில இருந்து 25 சதமாக் குறைச்சினம், கடையில சனத்துக்கு அந்தளவுக்கு விலை இறங்கேல்லை, காசு ஆற்ற பொக்கற்றுக்குப் போனதெண்டு நாடே கேட்டது. அப்பிடியான விசயத்தைத் தனி ஆள் பிடிச்சு இழுக்கேலாது, அது பாராளுமன்றக் குழு, கணக்காய்வாளர் நாயகம், நீதிமன்றம் எண்டு போற வேலை. நீங்கள் கண்ணால பாக்கக்கூடிய, கையால அளக்கக்கூடிய ஒண்டை எடுங்கோ. றோட்டு, மதகு, வாய்க்கால், பொதுநோக்கு மண்டபம், அந்த மாதிரி.

ஆயுதம் 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சனம் ஆர்.ரி.ஐ எண்டு சொல்லுறது. 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. இலங்கைப் பிரசை எண்டால் காணும், ஏன் கேக்கிறீங்கள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, கந்தோரில ஆரும் "உமக்கெதுக்கு இது" எண்டு கேட்டால் சட்டத்தில அப்பிடிக் கேக்க இடமில்லை எண்டு சிரிச்சுக்கொண்டே சொல்லுங்கோ. ஆர்.ரி.ஐ 01 எண்டு ஒரு படிவம் இருக்கு, அது இல்லாட்டில் வெள்ளைக் கடதாசியில எழுதினாலும் சரி, எழுதேலாதவை வாயால சொன்னால் தகவல் அலுவலர்தான் அதை எழுதியெடுக்கோணும். தமிழிலயே எழுதுங்கோ, தமிழும் இந்த நாட்டின்ர அரசகரும மொழிதான். தகவல் அலுவலர் ஆர், மேன்முறையீடு ஆரிட்ட, கட்டணம் எவ்வளவு எண்டதெல்லாம் ஒவ்வொரு கந்தோரிலயும் ஆக்களுக்குத் தெரியிற இடத்தில எழுதிப் போட்டிருக்கோணும், போடாட்டில் அதுவே ஒரு பிழை.

இனிக் கேள்வி. நிறையப் பேர் கவுறுறது இதிலதான். "ஏன் இந்த றோட்டில ஊழல் நடந்தது, இதுக்கு ஆர் பொறுப்பு" எண்டு எழுதினால் "அப்பிடி எந்தத் தகவலும் எங்களிட்ட இல்லை" எண்டு ஒரு வரியில பதில் வரும், அதோட சரி. இந்தச் சட்டம் விளக்கம் தராது, அவையிட்ட இருக்கிற ஆவணத்தைத்தான் தரும். அதால கடதாசியின்ர பேரைச் சொல்லிக் கேளுங்கோ, இப்பிடி:

"இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்ன வீதிக்கு, இன்ன ஆண்டில் போடப்பட்ட கொங்கிறீட் வீதி தொடர்பாக: அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடும் பி.ஓ.கியூவும் (வேலையின் அளவு, விலைப் பட்டியல்), கேள்வி (ரெண்டர்) அறிவித்தல், விலை கோரிய அனைவரினதும் பெயரும் தொகையும், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, ஒப்பந்தத்தின் பிரதி, அளவீட்டுத் தாள்கள், கொடுப்பனவு வவுச்சர்கள், வேலை முடிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைத் தரவும்."

இதில ரெண்டு கடதாசிதான் உயிர். பி.ஓ.கியூவில எத்தினை மீற்றர் நீளம், எவ்வளவு அகலம், என்ன தடிப்பு, என்ன கலவை எண்டு கிடக்கும். அளவீட்டுத் தாளில, வேலை முடிஞ்சாப் பிறகு ரி.ஓ (தொழில்நுட்ப அலுவலர்) வந்து அளந்து இவ்வளவு செய்திருக்கு, காசு குடுக்கலாம் எண்டு ஒப்பம் வைச்சிருப்பார். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக்கொண்டு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ரேப்பால றோட்டை அளவுங்கோ, ஓரத்தில கொங்கிறீட்டின்ர தடிப்புத் தெரியும், போட்டோவில ரேப்பின்ர இலக்கமும் விழுகிற மாதிரி எடுங்கோ. தாளில நாலு இஞ்சி, றோட்டில ரெண்டரை இஞ்சி எண்டால் அதுக்குமேல நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. விலை கோரின ஆக்களின்ர பட்டியலையும் வடிவாப் பாருங்கோ, மூண்டு பேர் போட்டிருப்பினம், மூண்டும் ஒரே விலாசமா இருக்கும், இல்லாட்டில் மச்சான்மாரா இருக்கும், ஊரில இருக்கிற உங்களுக்குத்தான் அது விளங்கும், கொழும்பில இருக்கிற கணக்காய்வாளருக்கு விளங்காது. ஒப்பந்தத்தில பிழை திருத்தக் காலம் எவ்வளவெண்டும் பாருங்கோ, அந்தக் காலம் முடியமுதல் எழுதிக் குடுத்தால் கொந்தராத்துக்காரர் தன்ர காசிலதான் திருத்திக் குடுக்கோணும், அவருக்குக் குடுக்காமல் பிடிச்சு வைச்சிருக்கிற காசையும் அதுவரை சபை விடக்கூடாது. வழக்கு முடியிறதுக்கு வருசக்கணக்காகும், இதால றோட்டாவது சரிவரும்.

வேலை தொடங்கமுதலே கேக்கிறது இன்னும் நல்லம். உள்ளூர்க் காசில 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் எண்டால் தொடங்கிறதுக்கு மூண்டு மாசத்துக்கு முதலே அமைச்சர் அதின்ர விபரத்தை வெளியிடோணும் எண்டு இதே சட்டத்தின்ர 9ம் பிரிவில இருக்கு. இதை ஆரும் பெரிசாப் பாவிக்கிறேல்லை, எனக்கு அது விளங்காத அதிசயம்.

குடுக்கேக்க ஏற்றுக்கொண்டதுக்கு எழுத்தில ஒரு துண்டு வாங்காமல் வராதேங்கோ, இல்லாட்டில் பதிவுத்தபாலில அனுப்பி ரசீதைக் கவனமா வைச்சிருங்கோ, பிறகு நாள் எண்ணுறது அதிலதான். 14 வேலை நாளுக்குள்ள தருவமோ மாட்டமோ எண்டு முடிவு சொல்லோணும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள்ள அதே கந்தோரின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூண்டு கிழமை. அதுவும் சரிவராட்டில் ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதுங்கோ, லோயர் தேவையில்லை. றோட்டு சபையின்ரயோ மாகாணத்தின்ரயோ, காசு பிரதேச செயலகத்தாலயோ வந்தது எண்டு தெரியாட்டில் எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடுங்கோ. "கொந்தராத்துக்காரரின்ர வியாபார ரகசியம்" எண்டு சாட்டுச் சொன்னால், பொதுநலன் கூடவெண்டால் அதையும் தரத்தான் வேணும் எண்டு 5ம் பிரிவிலயே இருக்கெண்டு மேன்முறையீட்டில எழுதுங்கோ. பாராளுமன்றமே தப்பேல்லை, சொத்து விபரம் குடுத்த எம்.பிமாரின்ர பேரை ஒரு பத்திரிகையாளர் கேக்க, தரமாட்டம் எண்டு அவை கோட்டுக்குப் போக, குடுக்கத்தான் வேணும் எண்டு 2023ல மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

லஞ்சம் கேட்டால் அது வேற பாதை, அதுக்கு ஆர்.ரி.ஐ சரிவராது. லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர 1954க்கு அடியுங்கோ, காசு குடுத்திட்டு இல்லை, குடுக்கமுதல், அப்பதான் அவை ஆளை அனுப்பிக் கையும் களவுமாப் பிடிக்கலாம். ஆர், எந்தக் கந்தோர், எவ்வளவு, எதுக்காக, எங்க எப்ப வரச் சொன்னவர், இவ்வளவும் ரெடியா இருக்கோணும். 2023ல வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில முறைப்பாடு குடுக்கிற ஆளுக்குப் பாதுகாப்பு இருக்கு, தெரிஞ்சுகொண்டே பொய் முறைப்பாடு குடுத்தால் குற்றம் எண்டும் இருக்கு, அதால கண்டதை மட்டும் எழுதுங்கோ, "இவன் கள்ளன்" எண்ட சொல்லு கடிதத்திலயும் வேண்டாம், பேஸ்புக்கிலயும் வேண்டாம்.

சின்ன ஊரில தனிய நிண்டு கேட்டால் பகை வரும், அடுத்த நாளே ஆரும் வீட்டுக்கு வந்து கதைப்பினம், அதை மறைக்கேலாது. சனசமூக நிலையம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் எண்டு கிடக்கிறதில இருந்து நாலைஞ்சு பேர் ஆளுக்கொரு கடிதமாப் பிரிச்சுக் கேளுங்கோ, ஒருத்தர் மதிப்பீட்டை, இன்னொருத்தர் அளவீட்டுத் தாளை, மற்றவர் வவுச்சரை. எந்தக் கடிதத்தை மறிச்சாலும் மற்றது வந்து சேரும், வந்த எல்லாத்திலயும் ஒரு கொப்பி எடுத்து வேற வீட்டில வைச்சிருங்கோ.