குழந்தையின் முதல் எம்பிராய்டரி: ‘ப’ எழுத்தில் தொடங்கலாம்

எழுத்தும் எண்ணும் தைத்துப் பழகும் துணிக்கு ‘சாம்ப்ளர்’ என்று பெயர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1598 என்று ஆண்டு தைத்த ஒரு சாம்ப்ளர் இருக்கிறது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596-ல் பிறந்ததை ஜேன் போஸ்டாக் என்பவர் அதில் ஊசியால் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஐரோப்பியச் சிறுமிகள் எழுத்துவரிசை, தங்கள் பெயர், வயது எல்லாவற்றையும் ‘×’ வடிவக் கிராஸ் தையலில் போட்டுப் பழகினார்கள். வீட்டுத் துணிகளில் அடையாள எழுத்து தைக்க அது உதவியது.

தமிழில் தொடங்க ‘ப’ தோதானது. மூன்றே நேர்கோடு, வளைவு கிடையாது. 6, 7 வயதுக் குழந்தையால் தைக்க முடியும்.

தேவையானவை

அங்குலத்துக்கு 8 கட்டம் உள்ள ஐடா துணி, 20 செ.மீ. சதுரம். முனை மழுங்கிய 20-ம் எண் ஊசி. துணியை விறைப்பாகப் பிடிக்க 6 அங்குல வளையம். இரண்டு நிற எம்பிராய்டரி நூல். 6 இழையையும் பிரிக்காமல் கோக்கவும். நூல் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம், நீண்டால் முறுக்கிக்கொண்டு சிக்கும். துணியின் ஓரம் பிரியாமல் டேப் ஒட்டிவிடுங்கள்.

முதலில் கரை

25 கட்டச் சதுரம் ஒன்றைத் துணியின் நடுவில் பென்சிலால் குறியுங்கள். மூலையில் ஊசியை அடியிலிருந்து எடுத்து, 3 கட்டம் தாண்டி இறக்கி, அடியில் 2 கட்டம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குச் சரியாக 5 தையல் வரும். ஊசி அடுத்த மூலையில்தான் மேலே வரும். வராவிட்டால் எண்ணிக்கை தவறியிருக்கிறது. இரண்டு பக்கம் முடிந்ததும் புது நூல் கோத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் முடிச்சு போடாதீர்கள், மேலே புடைத்துத் தெரியும். பின்புறம் 3 செ.மீ. நூலை விரலால் பிடித்து, அடுத்த தையல்கள் அதன்மேல் ஓடும்படி தைத்தால் போதும். முடிக்கும்போது பின்னால் நான்கைந்து தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள்.

இந்த இடத்தில் எல்லாக் குழந்தையும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அடியில் போன ஊசியை வளையத்தின் ஓரமாகச் சுற்றி மேலே கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ‘மேலே... கீழே...’ என்று வாய்விட்டுச் சொல்லவைத்தால் சீக்கிரம் நின்றுவிடும். ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டே இருந்தால், காதையும் நூலையும் சேர்த்துப் பிடிக்கக் காட்டுங்கள்.

எழுத்து

கரையின் இடது மேல் மூலையிலிருந்து உள்ளே 8 கட்டம், கீழே 8 கட்டம் விட்டுத் தொடங்குங்கள். கீழ்நோக்கி 9 கிராஸ், வலப்பக்கம் 7, அதை ஒட்டி மேல்நோக்கி 9, மொத்தம் 25. எழுத்து ஏறக்குறைய 3 செ.மீ. உயரம் வரும். 45 செ.மீ. நூல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

ஒவ்வொரு கிராஸும் இப்படி:

1. இடது கீழ் ஓட்டையில் எடுத்து, வலது மேல் ஓட்டையில் இறக்கவும்.
2. வலது கீழ் ஓட்டையில் எடுத்து, இடது மேல் ஓட்டையில் இறக்கவும்.

வரிசை முழுக்கப் பாதிக் கிராஸ் போட்டுத் திரும்பி வருவது பெரியவர்களுக்கு வேகமான வழி. குழந்தைக்கு ஒவ்வொன்றாக முடிப்பதே நல்லது, கணக்கு தவறாது.

தைக்கும்போது குழந்தை துணியைத் திருப்பிப் பிடித்துவிடும். அப்போது கிராஸில் மேலே கிடக்கும் தையல் வேறு பக்கம் சாய்ந்து, அந்தக் கிராஸ் மட்டும் வெளிச்சத்தில் தனியாகப் பளபளக்கும். துணியின் மேல் விளிம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டி, ‘இது எப்போதும் மேலே இருக்கணும்’ என்று சொல்லிவையுங்கள்.

தவறினால் அதே ஓட்டை வழியாக ஊசியைத் திருப்பி விடக் கூடாது. அது பழைய இழையைக் குத்திப் பிளந்துவிடும். ஊசியைக் கழற்றிவிட்டு நூலை மெல்ல உருவுங்கள். ரொம்ப இழுத்தால் கிராஸுக்கு நடுவே ஓட்டை விரியும். நூல் துணியைத் தொட்டதும் கை நிற்க வேண்டும்.

தைத்து முடித்ததும் வளையத்தைக் கழற்றிவையுங்கள், இல்லாவிட்டால் தடம் பதிந்துவிடும். அடுத்து ‘ட’ போடலாம். கீழே 9, வலப்பக்கம் 8, மொத்தம் 17 கிராஸ்தான். ‘ம’வின் வளைவுக்குக் கட்டத்தாளில் முதலில் வரைந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.