யாரும் கைவைக்காத எம்ஜிபி விற்பனைக்கு வந்தால்: வாங்குமுன் பார்க்கும் முறை

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் எம்ஜிபியைத் தாண்டிப் போக முடியாது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. உதிரிபாகம் ஏறத்தாழ எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. விளம்பரங்களில் இரண்டு வகைக் கார்களைப் பார்ப்பீர்கள். பெயின்ட் பளபளக்கும் புதுப்பித்த கார் ஒன்று. ஷெட்டில் பல வருடம் தூங்கி, தூசி படிந்து, டயர் இறங்கி நிற்கும் கார் இன்னொன்று. முதல் முறை வாங்குகிறவருக்கு நாங்கள் இரண்டாவதைத்தான் சொல்வோம். அதில் துரு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். புதுப்பித்த காரில் அதே துரு பட்டிக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் ஒளிந்திருக்கலாம்.

எம்ஜிபிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. தகரத்தை மடித்து வெல்டிங் செய்த உடம்புதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. திறந்த ரோட்ஸ்டருக்குக் கூரையின் பலமும் இல்லை. ஆகவே கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' (sill) என்ற இரண்டு பெட்டிகள்தான் காரின் முதுகெலும்பு. எஞ்சின் கெட்டிருந்தால் கணக்குப் போட்டு வாங்கலாம். சில் கெட்டிருந்தால் கணக்கு எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எடுத்துப் போக வேண்டியவை

நல்ல டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், படுத்துப் பார்க்கத் தார்ப்பாய், சிறு கண்ணாடி, சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், பிளக் ஸ்பேனர், ஒரு ஜாக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். துருப்பிடித்த எம்ஜிபியில் ஜாக்கி வைக்கும் இடமே உள்ளே போய்விடுவதுண்டு.

படி 1: காகிதம்

பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் சேஸி எண்ணைப் பாருங்கள். ஜிஹெச்என்3 என்று தொடங்கினால் 1967 வரையான முதல் தொடர் ரோட்ஸ்டர். ஜிஹெச்என்4, ஜிஹெச்என்5 பிந்தையவை. ஜிஹெச்டி என்றால் கூரை மூடிய ஜிடி. எஞ்சின் எண் தனித் தகட்டில் இருக்கும்: 18ஜி, 18ஜிஏ இரண்டும் மூன்று மெயின் பேரிங் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை) கொண்ட எஞ்சின், 1964 கடைசியில் வந்த 18ஜிபி முதல் ஐந்து பேரிங். 48ஜி என்று இருந்தால் தொழிற்சாலையிலிருந்து மாற்றாக வாங்கிப் போட்ட எஞ்சின். அது குறையல்ல. ஆனால் 'மேட்சிங் நம்பர்ஸ்' (தயாரானபோது இருந்த அதே எஞ்சின்) என்று விளம்பரத்தில் போட்டு அதற்கு விலையும் கேட்டால் மறுத்துப் பேசலாம்.

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் கட்டினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருவார்கள். கார் தயாரான தேதி, முதல் நிறம், எஞ்சின் எண், எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். வி5சி என்ற பதிவு ஆவணம் யார் பெயரில் பதிவு என்பதற்குத்தான் சாட்சி, உரிமைக்கு அல்ல. பழைய ரசீதையும் கேளுங்கள். 2005-க்குப் பிறகு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனைக்குப் போன கார் என்றால் அந்த முடிவுகளை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் 'சில் அரிப்பு' என்று ஒரு வரி இருந்தாலே போதும், எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 2: உண்மையிலேயே கைபடாததா?

தூசி படிந்திருப்பது ஆதாரமல்ல. மறுபெயின்ட் அடிப்பவர் சோம்பல்படும் இடங்களைப் பாருங்கள்: கதவு ரப்பருக்கு அடியில், டிக்கித் தரைவிரிப்புக்குக் கீழ், டாஷ்போர்டுக்குப் பின்னால். அங்கே உள்ள நிறமும் வெளிநிறமும் சான்றிதழில் உள்ள நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். வயர் நுழையும் ரப்பர் வளையத்தில் பெயின்ட் தூவல் படிந்திருந்தால் யாரோ அடித்திருக்கிறார்கள்.

எங்களுக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. முன் மட்கார்டுகள் போல்ட்டில் மாட்டியவை. பானெட்டைத் திறந்து அந்த வரிசைப் போல்ட்டுகளின் தலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட்டின் ஆறு மூலைகளும் கூர்மையாக, மேலே படிந்த பெயின்ட் சுற்றிலும் பிளக்காமல் தொடர்ந்து இருந்தால், அபிங்டனில் முறுக்கிய பிறகு அந்த மட்கார்டு கழன்றதே இல்லை. மூலை தேய்ந்து தகரம் மினுங்கினால், ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

படி 3: சில். நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள்

முதலில் பத்தடி தள்ளி நின்று கதவின் பின் இடைவெளியைப் பாருங்கள். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது.

இப்போது கதவை மூடி, காரின் ஒரு பக்கத்தை மெல்ல ஜாக்கியில் ஏற்றுங்கள். அந்த இடைவெளி மாறக்கூடாது. ஏற்றிய நிலையில் கதவைத் திறக்கவோ மூடவோ இறுக்கமானால் உள்ளே இருக்கும் சில் போய்விட்டது என்று அர்த்தம்.

சில் என்பது ஒரே தகரமல்ல. வெளித்தகடு, உள்ளே நிற்கும் நடுத்தகடு, அடியில் கோட்டைச் சுவர் போல மடிந்த ஒரு பகுதி, எல்லாம் சேர்ந்த பெட்டி. அடியில் படுத்துப் பார்த்தால் அந்த மடிப்பும் தண்ணீர் வடியும் துளைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். அவை மூடிக்கிடந்தால், அழுகிய சில்லின் மேலேயே மெல்லிய தகரம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். வெளித்தகடு முன் மட்கார்டுக்கு உள்ளே வரை போகிறது. மட்கார்டின் கீழ் விளிம்புக்கு அருகில் செங்குத்தாக ஒரு வெல்டிங் கோடு இருந்தால், கண்ணில் படும் நடுப்பகுதியை மட்டும் வெட்டி மாற்றியிருக்கிறார்கள். இரண்டுமே காரைத் தொட்டதற்கான அடையாளம். 'அன்ரெஸ்டோர்டு' (புதுப்பிக்காத கார்) விலை அதற்குக் கிடையாது.

ஸ்க்ரூடிரைவரால் குத்தாதீர்கள், விற்பவர் சண்டைக்கு வருவார். அதன் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்கும், அழுகியது பொத்தென்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பானெட் மட்டும் விதிவிலக்கு: தொடக்க கால எம்ஜிபிகளின் பானெட் அலுமினியம், காந்தம் ஒட்டாது.

படி 4: தண்ணீர் தங்கும் மற்ற இடங்கள்

முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடும் ரப்பரும் இருக்கும். ரப்பர் கிழிந்ததும் சேறு உள்ளே போய் வருடக்கணக்கில் ஈரமாக உட்கார்ந்துவிடும். மட்கார்டின் கீழ்மூலை, கதவுக் கீல் தூணின் அடி, சில்லின் முனை மூன்றும் அங்கேதான் அழுகத் தொடங்குகின்றன. கதவின் நுனியைப் பிடித்துத் தூக்குங்கள். கீலில் மட்டும் ஆட்டம் என்றால் சின்ன வேலை. தூணே அசைந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் பேட்டரிப் பெட்டிகள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே இருந்தன. ஆசிட் சிந்திப் பெட்டி ஓட்டையாவது சகஜம், தனியாக மாற்றலாம். ஆனால் பின் ஸ்பிரிங் முன்முனை மாட்டும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே துரு பரவியிருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிறகு தரைவிரிப்பைத் தூக்கிக் கால்வைக்கும் தளம். காரின் முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துவாரத்தின் வடிகுழாயை இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும்.

கதவின் மேல்விளிம்பில், முக்கோணக் கண்ணாடியின் அடியில் ஒரு விரிசல் பெரும்பாலான எம்ஜிபிகளில் இருக்கும். பயப்பட வேண்டாம்.

படி 5: எஞ்சின்

சாவி கிடைத்ததும் செல்ஃப் அடிக்காதீர்கள். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, முடிந்தால் ஒரு இரவு விடச் சொல்லுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, காரை மெல்லத் தள்ளிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பேட்டரி மாட்டும் முன் நிதானியுங்கள். 1967 வரையான டைனமோ கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்கத்தில் நெகட்டிவை உடம்பில் மாட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை எஞ்சினுக்குள் விடாமல் தனிக் கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம், ஃபயரிங் வரிசை 1-3-4-2.

ஓடத் தொடங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். பிளக் நான்கும் வெளியே, ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்தபடி. கேஜ் காட்டும் அளவைவிட முக்கியம் நான்கும் ஒத்துப்போவது. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒன்று குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சூடான எஞ்சின் ஐடிலில் 15 முதல் 25 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 50-க்கு மேல் ஆயில் அழுத்தம் காட்ட வேண்டும். வால்வை இயக்கும் டாப்பெட் கடகடவென்று சத்தம் போடுவது இந்த எஞ்சினின் இயல்பு. சத்தமே இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், இடைவெளியைக் குறைத்துவைத்து வால்வு கருகியிருக்கலாம்.

படி 6: சக்கரம், ஸ்டியரிங்

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுபோனால் பேரிங், அப்போதும் ஆடினால் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு). 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காமல் விட்டதன் விளைவு அது. கம்பிச் சக்கரம் என்றால் தரையில் நிறுத்தி, கியர் போட்டுக் காரை முன்னும் பின்னும் தள்ளும்போது சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே 'டக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பற்கள் தேய்ந்திருந்தால் சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வாங்கிய பிறகு

ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பிரேக் ரப்பர் குழாய்கள் உள்ளே ஊதியிருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. டிரெய்லரில் ஏற்றி, பட்டையை ஆக்சிலில் கட்டுங்கள், பம்பரில் வேண்டாம். விற்பவரிடம் காரைக் கழுவி வைக்கச் சொல்லாதீர்கள். வந்ததும் பிரஷர் வாஷ் அடிக்கவும் வேண்டாம். தூசியோடு எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள்: வயர் எந்தக் கிளிப்பில் போகிறது, எந்தப் போல்ட்டில் என்ன வாஷர் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கிழிந்த தோல் இருக்கையைத் தூக்கி எறியாதீர்கள். புது உறை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், 1965-இல் தைத்த தோல் கிடைக்காது. அடுத்து ஒரு மரக்குச்சியை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, சில்லின் வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிடுங்கள்.