பழைய நீர்நில விமானம் வாங்குகிறீர்களா? நாற்காலியைப் பார்த்து மயங்காதீர்கள்

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து விமானம் வாங்குவதைப் பற்றிப் பேசினால் பக்கத்து மேசைக்காரர் சிரிக்கத்தான் செய்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செம்பனை லோரி ஓட்டித் தொழிலில் நிமிர்ந்த தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, சுபாங்ல விமானம் பழுது பார்த்தவராச்சே நீங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். விற்பனைக்கு வந்திருந்தது ஒரு கிரம்மன் மல்லார்ட். ஓடுபாதையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஈப்போவில் ஏறி, தெமெங்கோர் ஏரியில் இறங்கித் தூண்டில் போட வேண்டுமாம்.

ஆசையில் தப்பில்லை. இந்த ஜாதி விமானங்களே அதற்காகப் பிறந்தவைதான். 1937இல் முதன்முதலாகப் பறந்த கிரம்மன் கூஸ், லாங் ஐலண்டில் வீடும் மன்ஹாட்டனில் அலுவலகமும் வைத்திருந்த பணக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. பிறகு போர் வந்து ராணுவமும் வாங்கிக்கொள்ள, மொத்தம் 345 ஆனது. போர் முடிந்ததும் 1946இல் அதைவிடப் பெரிய மல்லார்ட் வந்தது. பத்துப் பேர் உட்காரலாம். எகிப்து மன்னர் பாரூக்கிடம்கூட ஒன்று இருந்தது. ஆனால் 59 மட்டுமே செய்தார்கள். அதனால்தான் ஒன்று விலைக்கு வந்தால் ஆட்கள் தலைகால் புரியாமல் ஓடுகிறார்கள்.

விளம்பரத்தில் இருந்த படங்களில் பாதிக்கு மேல் தோல் இருக்கையும் மரப்பலகையும்தான். மயங்குவது இங்கேதான். பால்மரத்துக்கு வெள்ளை வேர் நோய் வந்தால் ஆரம்பத்தில் இலை பச்சையாகவே இருக்கும், பாலும் வடியும். அடிமரத்து மண்ணைச் சுரண்டிப் பார்த்தால்தான் வேரில் வெள்ளை நூல் ஓடியிருப்பது தெரியும். இந்த விமானத்துக்கும் அடியில்தான் நோய். தரைப் பலகையைக் கழற்றினால் படகின் அடிவயிறு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், பில்ஜ் என்போம். கசிந்து உள்ளே வரும் நீர் தேங்குவது அங்கே. இரும்பு செந்துருவாகக் காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியமோ வெள்ளைப் பொடி பூக்கும், சாயத்துக்கு அடியில் கொப்புளம் விடும், முற்றினால் ஏடு ஏடாகப் பிரியும். ரிவெட் தலைகளைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். புதுச் சாயம் அடித்துப் பளபளவென்று நின்றால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

2005 டிசம்பர் 19 அன்று மியாமியில் சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தின் மல்லார்ட் ஒன்று ஏறிய சற்று நேரத்தில் அதன் வலது இறக்கை கழன்று விழுந்தது. இருந்த 20 பேரும் இறந்தார்கள். 1947இல் செய்த விமானம் அது. இறக்கைக்குள் உலோகச் சோர்வால், அதாவது ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சுமை தாங்கியதால், விரிசல் ஓடியிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அதற்கு முன்பே இறக்கைத் தொட்டியில் எரிபொருள் திரும்பத் திரும்பக் கசிந்திருக்கிறது. கசிவை அடைக்கப் பூசிய பசையே விரிசலை மறைத்திருக்கிறது. ஆகவே பறந்ததும் பழுது பார்த்ததும் எழுதிவைக்கும் லாக் புக்கில் "கசிவு, அடைத்தாச்சு" என்று இரண்டு மூன்று இடத்தில் கண்டால் விலை பேசாதீர்கள். இறக்கையைத் திறந்து உள்ளே பார்த்த சான்றை முதலில் கேளுங்கள்.

லாக் புக்கில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அது வாழ்ந்தது ஏரியிலா, கடலிலா? கடலில் இறங்கியிருந்தால் அன்றைக்கன்றே நல்ல தண்ணீரில் கழுவினார்களா? இடையில் சில ஆண்டுகளுக்கு ஒன்றுமே எழுதவில்லை என்றால், "பத்திரமா நிறுத்தி வெச்சிருந்தோம்" என்பார்கள். பறக்காமல் நின்ற விமானத்தைவிடப் பறந்த விமானமே மேல்.

பழைய மெர்சிடிஸ் காடி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வாங்கும் விலை முன்பணம் மாதிரிதான். மல்லார்டின் இரண்டு பிஸ்டன் எஞ்சினும், தலா 600 குதிரைத்திறன், மணிக்கு 200 லிட்டருக்கு மேல் குடிக்கும். பெட்ரோல் ஸ்டேஷனில் ரோன்95 பிடித்து ஊற்ற முடியாது. பிஸ்டன் விமானங்களுக்கென்றே உள்ள அவ்காஸ் பெட்ரோல் வேண்டும், அது எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. டர்பைன் பொருத்திய மல்லார்டுகளும் உண்டு. அவை ஜெட் எரிபொருளில் ஓடும். "அசல்தான் அழகு" என்று அதை ஒதுக்குகிறவர்கள் எரிபொருள் லோரிக்குக் காத்திருந்து பார்த்ததில்லை. அப்புறம், சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் இந்தப் பழைய எஞ்சினை, விசிறியைப் பிடித்துக் கையால் சில சுற்று சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நின்றிருக்கும்போது கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கியிருக்கும். அப்படியே முடுக்கினால் கனெக்டிங் ராடு வளையும்.

ஓட்டுவதில் ஒரு தவறு உயிரையே கேட்கும்: சக்கரத்தை இறக்கிவைத்தபடி தண்ணீரில் இறங்குவது. சக்கரம் நீரைப் பிடித்ததும் விமானம் மூக்கு குத்திக் கவிழும். சக்கரம் இல்லாமல் ஓடுபாதையில் இறங்கினால் பெரும்பாலும் அடிப்பாகம் தேயும், பர்ஸ் தேயும், அவ்வளவுதான். அதனால்தான் பழகியவர்கள் ஒவ்வொரு முறையும் "இது தண்ணீர், சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். கூச்சப்படாதீர்கள், சத்தமாகவே சொல்லுங்கள்.

காலையில் அசையாமல் கண்ணாடி போல் கிடக்கும் ஏரி படத்துக்கு அழகு, இறங்க ஆபத்து. உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. கரையோரமாக, எஞ்சின் சக்தி கொஞ்சம் வைத்து, மெதுவாக ஒரே சீராக இறங்கி நீர் தொடும்வரை காத்திருக்க வேண்டும். தெமெங்கோர் ஏரியிலும் கென்யிர் ஏரியிலும் அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. மீன் பிடிக்கிறவர்களுக்கு அது வரம். நமக்கு?

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதும் தவறு. பணம் கட்டுவதற்கு முன்பே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு, பறக்கும் தகுதிச் சான்று, ஏரியில் இறங்க அனுமதி எல்லாம் விசாரியுங்கள். உரிமமும் அப்படித்தான். மல்லார்டின் முழு எடை 12,750 பவுண்டு. அமெரிக்க விதிப்படி 12,500ஐத் தாண்டினால் அந்த விமானத்துக்கென்றே தனித் தகுதி வேண்டும். 250 பவுண்டு கூடியதற்காக ஒரு தனிப் பயிற்சி. கூஸ் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். தே தாரிக் ஆறிப்போயிருந்தது. "சரிண்ணே, பில்ஜ் படம் கேட்கிறேன்" என்று அங்கேயே செய்தி அனுப்பினார். மறுநாள் பன்னிரண்டு படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் நாற்காலிதான்.