டைம் ஸ்லிப்பைப் பார்த்து இன்ஜினைத் திட்டாதீர்கள்: டிராக் ரேஸில் முதல் சீசன் தவறுகள்

டிராக் (drag) ரேஸ் என்பது இரண்டு வண்டிகள் நேர்க்கோட்டில் மோதும் பந்தயம். மார்ச்சில் கெயின்ஸ்வில்லில் தொடங்கி நவம்பரில் பொமோனாவில் முடிகிற, அமெரிக்க அமைப்பான என்எச்ஆர்ஏவின் சீசனில், 1,000 அடியை நான்கு நொடிக்குள் விழுங்கும் டாப் ஃபியூயல் என்ற அதிவேக வகுப்பு வண்டிகள்தான் எல்லோர் கண்ணிலும் படும். அதே தளங்களில், அதே வார இறுதிகளில் கால் மைல் ஓடும் ஸ்போர்ட்ஸ்மேன் (அமெச்சூர்) வகுப்புகளும் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் அதற்கும் ஒரு படி கீழே, உள்ளூர் ஓட்டத் தளமான ஸ்ட்ரிப்பின் பிராக்கெட் ரேஸில்தான் தொடங்குகிறார்கள். வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்பதை ஓட்டுநரே கண்ணாடியில் எழுத வேண்டும், அதுதான் டயல்-இன். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாச அளவுக்கு முன்னதாகப் பச்சை விளக்கு விழும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் பிரேக்கவுட், ஆட்டம் காலி.

பெல்ட் மறப்பது, பெட்ரோல் தீர்வது போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. அவை ஒரு முறை நடந்தால் தானாகவே பாடமாகிவிடும். சீசன் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்தும் யாருக்கும் உறைக்காத தவறுகள் வேறு.

ஸ்டேஜில் செய்த பிழைக்கு இன்ஜினைத் தண்டிப்பது

எந்த ஸ்ட்ரிப்பின் பிட்டிலும் (வண்டிகளைச் சரிபார்க்கும் இடம்) காணக் கிடைக்கும் காட்சி: பானெட் திறந்திருக்கும், கார்புரேட்டர் ஜெட்டுகள் துணியில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும், ஒருவர் டைமிங் லைட்டோடு குனிந்திருப்பார், இன்னொருவர் பள்ளமில்லாத பந்தய டயரான ஸ்லிக்கிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருப்பார். அடுத்த சுற்றுக்கு இருபது நிமிடம். வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது.

ஸ்டார்ட்டிங் லைனில் இரண்டு ஒளிக்கற்றைகள் உண்டு. முதலில் ப்ரீ-ஸ்டேஜ், அதிலிருந்து 7 அங்குலம் தள்ளி ஸ்டேஜ். முன் டயர் கற்றையை மறைத்ததும் அதற்கான பல்பு எரியும். பச்சை விழுந்ததும் ஓட்ட நேரம் எண்ணப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முன் டயர் உருண்டு ஸ்டேஜ் கற்றையை முழுதாக விட்டு விலகும்போதுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பச்சைக்கும் அந்த விலகலுக்கும் இடைப்பட்ட நேரம்தான் ரியாக்‌ஷன் டைம். ஸ்டேஜ் பல்பு எரிந்தவுடனே நிறுத்திய வண்டி, கடிகாரம் தொடங்கும் முன்பே சுமார் 11 அங்குலம் உருண்டு வேகம் பிடித்திருக்கும். இந்த ஓசி ஓட்டத்துக்குப் பெயர் ரோல்அவுட்.

பல்பு எரிந்த பிறகும் பிரேக்கைத் தளர்த்தி 3 அங்குலம் உள்ளே போய்விட்டால், மிச்சம் 8 அங்குலம்தான். முதல் கணத்தில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அளவில் பாயும் வண்டிக்கு அந்த 3 அங்குலத்தின் விலை ஏறக்குறைய 0.035 நொடி. இரண்டு டைம் ஸ்லிப்புகளை (ஓட்ட நேரங்கள் அச்சிட்ட சீட்டுகள்) அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதல் ஓட்டம்: ரியாக்‌ஷன் 0.041, 60 அடி 1.540, 330 அடி 4.570; கால் மைல் 11.210.

இரண்டாம் ஓட்டம்: ரியாக்‌ஷன் 0.006, 60 அடி 1.575, 330 அடி 4.605, கால் மைல் 11.245.

புதியவர் கண் நேராக 60 அடிக்குப் போகும். "டயர் வழுக்கியிருக்கு" என்று தீர்ப்பு சொல்லி அழுத்தத்தைக் குறைப்பார், கிளம்பும்போது இன்ஜின் சுழலும் வேகமான லாஞ்ச் ஆர்பிஎம்மை ஏற்றுவார், டயல்-இன்னை 11.24 என்று திருத்துவார். அடுத்த சுற்றில் பழையபடி பல்பு எரிந்ததுமே நிறுத்துவார். செய்த மாற்றம் ஒன்றுமே பலிக்காவிட்டாலும் 11.21 ஓடிவிடும், எழுதியதைவிட 0.03 வேகமாக. பிரேக்கவுட். மறுபடியும் பானெட் திறக்கும்.

ஸ்லிப்பைப் படிக்கும் முறை எளிது. ரியாக்‌ஷனையும் ஓட்ட நேரத்தையும் கூட்டுங்கள்: இரண்டிலும் 11.251. பிறகு 330 அடி நேரத்திலிருந்து 60 அடி நேரத்தைக் கழியுங்கள்: இரண்டிலும் 3.030. கூட்டுத்தொகையும் மாறவில்லை, இடைநேரமும் மாறவில்லை என்றால் தப்பு பிரேக் மிதியில் இருந்த காலில். டயர் உண்மையிலேயே வழுக்கியிருந்தால் கூட்டுத்தொகை ஏறியிருக்கும். இந்தக் கழித்தலைப் போடாமல் ஸ்பேனரைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. நாலு மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டு, எது வேலை செய்தது என்று நம்மிடம் வந்து கேட்பார்கள்.

செய்ய வேண்டியது: ப்ரீ-ஸ்டேஜ் எரிந்ததும் முழுதாக நிற்கவும். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஸ்டேஜ் பல்பு எரிந்த அந்தக் கணமே இறுக்கவும். எதிராளி அவசரப்படுத்தினாலும் சரி, இழுத்தடித்தாலும் சரி, இதை மாற்ற வேண்டாம். முன் டயரின் காற்றையும் ஒரே அளவில் வைத்திருங்கள். அது குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து ரோல்அவுட் கூடும், ரியாக்‌ஷன் மந்தமாகும்.

காலை டயல்-இன்னை மதியம் வரை சுமப்பது

சூடேறினால் காற்றின் அடர்த்தி குறையும், இன்ஜினுக்குச் சக்தி குறையும். அடர்த்தி-உயரம் (காற்றின் அடர்த்தியை உயரமாகக் கணக்கிட்ட அளவு) 1,000 அடி கூடினால் 11 நொடி வண்டி ஏறத்தாழ 0.1 நொடி மந்தமாகும். 2023-இல் மூடப்பட்ட டென்வர் பாண்டிமீர் தளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி உயரத்தில் இருந்தது. அங்கே பழக்கப்பட்ட எண்ணை மறந்துவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், கிளம்பும்போது இருந்த ரேடியேட்டர் சூடு ஆகிய நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ரேடியேட்டர் சூடு 70 டிகிரி என்று வைத்துக்கொண்டால் எல்லா ஓட்டத்துக்கும் 70தான்.

வெயில் பக்கத்து ஸ்லிக்

வெயில் படும் பக்கத்து டயரில் அழுத்தம் ஏறிவிடும். மூடி வையுங்கள். கிளம்பும் முன் அரை பிஎஸ்ஐ காட்டும் கேஜில் இரண்டையும் சமமாக்குங்கள்.

தெரு டயரோடு தண்ணீரில் இறங்குவது

ஸ்லிக்கைச் சுழற்றிச் சூடாக்க ஸ்டார்ட்டிங் லைனுக்கு முன் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். தெரு டயர் என்றால் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். பள்ளங்களில் ஏறும் தண்ணீர் ஸ்டார்ட்டிங் லைனில்தான் வடியும்.

11.50-ஐ ஒட்டி வண்டி கட்டுவது

கால் மைலை 11.49-இலோ அதைவிட வேகமாகவோ ஓடினால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம்) கட்டாயம்; 2008 முதல் வந்த, கம்பெனி நிலையிலேயே இருக்கும் வண்டிகளுக்குச் சலுகை உண்டு. மதிய வெயிலில் 11.55 ஓடிய பழைய வண்டி மாலைக் குளிரில் 11.46 ஓடும். அத்தோடு வண்டியைச் சோதிக்கும் டெக் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முடிவுக் கோட்டருகே பின்னால் பார்ப்பது

மணிக்கு 120 மைல் வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது சுமார் 54 சென்டிமீட்டர். பிரேக்கவுட் ஆகாமல் கடைசியில் வேகத்தைக் குறைக்கலாம் என்று பலர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எதிராளி எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று அந்த வேகத்தில் கணிக்க நூற்றுக்கணக்கான ஓட்டங்களின் பழக்கம் வேண்டும். முதல் சீசனில் கோடு தாண்டும் வரை மிதித்துக்கொண்டே இருங்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினால் அது பச்சைக்கு முன்பே கிளம்பும் ரெட் லைட்டைவிட மோசமான குற்றம். எதிராளி ரெட் லைட் வாங்கியிருந்தாலும் வெற்றி அவருக்குத்தான்.