குழந்தையின் சிபிசி தாளில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன லேபில் 11 வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். போன மழைக்காலத்தில் ஓர் அம்மிச்சி, மகள் வயிற்றுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டோடு வந்தார். பையனுக்கு 5 மாசம். இருமல் விடவில்லை, வயிற்றோட்டம் நிற்கவில்லை, நாக்கில் மாவு பூசினது போன்ற வெள்ளைப் படலம், மருந்து தடவத் தடவத் திரும்ப வந்தது, எடை ஏறவே இல்லை. "ஏனம்மிணி, எல்லாம் நார்மல்னு போட்டிருக்குதுங்கறாங்க, அப்பறம் பையன் ஏன் இப்படி வத்திக்கிட்டே போறான்?" என்று கேட்டார்.

மொத்தம் ஏழு சிபிசி தாள், ரத்த அணுக்களை வகைவகையாக எண்ணும் சோதனை அது. ஒன்றில்கூட அளவு மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி இல்லை. கடைசித் தாளில் வெள்ளையணுக்கள் 5,000, அதில் லிம்போசைட் (நோய்க்கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணு) 24 சதவீதம். பக்கத்தில் அச்சாகியிருந்த அளவு 4,000 முதல் 11,000 வரை, 20 முதல் 40 சதவீதம் வரை. இரண்டுமே உள்ளேதான் இருந்தன, ஆனால் அந்த அளவு பெரியவர்களுக்கானது. அந்த ஏழு தாளில் மூன்றை அச்செடுத்துக் கொடுத்தது நான்தான். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

கணக்கு சுலபம். மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுங்கள். 5,000 × 24 ÷ 100 = 1,200. இதே எண் 40 வயசு ஆளுக்கு வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கைக்குழந்தைக்கு அப்படியில்லை, அந்த வயசில் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட்டாகத்தான் இருக்கும், அதனால் ஒரு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு 3,000க்குக் கீழே வந்தால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. கடுமையான காய்ச்சலிலும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தாலும் தற்காலிகமாகக் குறையும் என்பதால் சில நாளில் மறுபடி ஒரு சிபிசி எடுக்கச் சொல்வார்கள். சில நாள்தான், மாசக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. ஏனென்றால் இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்கிட் என்ற பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு, அதில் டி செல் என்ற வகை லிம்போசைட்டே உருவாவதில்லை. மூன்றரை மாசத்துக்குள், தொற்று ஒன்றும் பிடிப்பதற்கு முன்பே ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துவிட்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு மேல் பிழைத்துவிடுகின்றன, நாள் போகப் போக அந்த வாய்ப்பு குறைகிறது. அமெரிக்காவில் 2008இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கி, 2018க்குள் எல்லா மாநிலங்களிலும், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சொட்டு ரத்தத்திலேயே இதைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊரில் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் அந்தச் சோதனை கிடையாது, அதனால் கையில் இருக்கும் சிபிசியை ஒழுங்காகப் படிப்பது இங்கே அவ்வளவு முக்கியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் குறைபாடே இல்லை என்று அர்த்தமில்லை. சில ஸ்கிட் குழந்தைகளுக்குத் தாயின் செல்கள் உள்ளே வந்து தங்கியிருக்கும், சிலருக்கு பி செல் என்ற இன்னொரு வகை லிம்போசைட் மட்டும் நிறைய இருக்கும், மொத்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். அறிகுறிகள் இருந்தால் லிம்போசைட் வகைகளைப் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும் என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

அதற்காகச் சளி பிடிக்கிற குழந்தையை எல்லாம் லேபுக்குத் தூக்கி வராதீர்கள். பால்வாடிக்குப் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருஷத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி வருவது சகஜம், நடுவில் நன்றாகத் தேறி எடையும் ஏறினால் பயமில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, கல்லீரலிலோ தோலுக்கு ஆழத்திலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, இரண்டு மாசம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காத தொற்று, பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட பக்கத்து அக்குளில் பெரிதாக நெறி கட்டி உடைவது, தொப்புள்கொடி ஒரு மாசம் ஆகியும் விழாமல் இருப்பது, இப்படி ஏதாவது இருந்தால்தான் தேட வேண்டும். எல்லாவற்றையும்விட, வீட்டில் முன்பு ஒரு குழந்தை "சளி முத்தி" போயிருந்தால்.

அடுத்த சோதனை இம்யூனோகுளோபுலின் அளவு, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிரணுக்கள் (ஆன்டிபாடி): ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், ஐஜிஇ என்று அதில் வகைகள். பெரியவர்களுக்கு ஐஜிஜி ஒரு டெசிலிட்டருக்குச் சுமாராக 700 முதல் 1,600 மில்லிகிராம் வரை இருக்கும், 5 மாசக் குழந்தைக்கு 300 இருந்தாலே சரிதான், ஏனென்றால் தாயிடமிருந்து வந்தது கரைந்து, தன்னுடையது இன்னும் ஊறாத காலம் அது. வயசுவாரியான அளவு அச்சாகாத ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஐஜிஏ மட்டும் குறைவு என்றால் 4 வயசு ஆகும்வரை அதற்கு நோய் என்று பெயர் வைக்க மாட்டார்கள். பழைய கல்லீரல் சோதனைத் தாள் இருந்தால் அதிலும் ஒரு துப்பு உண்டு: மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் வருவது குளோபுலின், பெரிய பிள்ளைகளுக்கு அது டெசிலிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே போனால் ஐஜிஜியைப் பார்த்துவிடுவது நல்லது. எதிரணுவே உருவாகாத குழந்தைக்கு வைடால் (டைபாய்டு சோதனை) மாதிரி எதிரணுவைத் தேடும் சோதனைகள் எப்போதும் இல்லை என்றே காட்டும், அதையும் டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

சீழ்க்கட்டிதான் பிரச்சினை என்றால் டிஹெச்ஆர் என்ற சோதனை. கிருமியை விழுங்கிய நியூட்ரோபில் என்ற வெள்ளையணு அதைக் கொல்லும் ரசாயனத்தை உண்டாக்குகிறதா என்று அதில் பார்ப்பார்கள், வேலை செய்கிற செல் மெஷினில் ஒளிரும், செய்யாதது மங்கியே கிடக்கும்.

சரி, இப்போது என் வேலை சம்பந்தப்பட்டது, இங்கேதான் நிறையக் கெட்டுப்போகிறது. வெறும் வயிறு தேவையில்லை, பால் கொடுத்துவிட்டே கூட்டி வாருங்கள், பசியில் அழுகிற குழந்தைக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். சிபிசிக்கும் ஃப்ளோவுக்கும் ஊதா மூடி டியூப். இம்யூனோகுளோபுலினுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. ஃப்ளோவுக்கான ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, ஐஸ்மேல் படவும் கூடாது, செல் செத்துவிடும், சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாலும் அதே கதிதான். எங்கள் மாதிரி சின்ன லேபிலிருந்து மாதிரி கோயமுத்தூர் போய், அங்கிருந்து சென்னையோ பெங்களூரோ போக வேண்டியிருக்கும், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் மெஷினில் ஏற வேண்டும். அதனால் திங்கள் முதல் புதனுக்குள் காலையில் எடுங்கள். சனிக்கிழமை எடுத்து ஞாயிறு முழுக்கக் கூரியரில் கிடந்த ரத்தம் வீண். டிஹெச்ஆருக்கு அதே நேரத்தில் சொந்தமில்லாத, உடம்பு நன்றாக இருக்கிற ஒருவரின் ரத்தமும் கூடவே போக வேண்டும். இரண்டும் மங்கலாக வந்தால் வழியில் கெட்டது என்று தெரியும், குழந்தையுடையது மட்டும் மங்கினால் அது நோய்.

ஐவிஐஜி ஊசியோ (மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜி) ரத்தமோ ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். ஐவிஐஜி போட்டபின் எடுத்தால் யாரோ கொடுத்த ஐஜிஜிதான் சில மாசங்களுக்கு ரிப்போர்ட்டில் தெரியும். ஸ்கிட் சந்தேகம் இருந்தால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும், இதை ரத்த வங்கியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குடும்ப விவரம் கேட்கும்போது மறைக்காதீர்கள். "நாங்க வேற வேற கூட்டமுங்க, ரத்த சொந்தம் இல்லைங்க" என்று பலர் சொல்கிறார்கள், கூட்டம் என்றால் அப்பா வழிக் குலம். மாமன் மகள் வேறு கூட்டம்தான், ஆனால் உங்களுக்கும் அவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. அதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டியது. அம்மா வழியில் ஆண் குழந்தைகள் மட்டும் இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகைகள் அப்படித்தான் ஓடும். மருமகளிடம் குற்றம் கண்டுபிடிக்கிற விஷயமில்லை இது, யாரும் தெரிந்து கொடுப்பதுமில்லை.

அந்தப் பையனை மறுநாளே கோயமுத்தூருக்கு அனுப்பினோம், சோதனையில் ஸ்கிட் உறுதியாகிச் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறது. அம்மிச்சி போன வாரம் மறுபடி வந்தார், இந்தத் தடவை சின்ன மகளுக்காக, அவர் 7 மாசக் கர்ப்பம். பிரசவ ஆஸ்பத்திரியில் இப்போதே சொல்லி ஃபைலில் எழுதி வைக்கச் சொன்னேன்: குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சிபிசியும் ஃப்ளோவும் எடுக்க வேண்டும், ரிப்போர்ட் வந்து டாக்டர் பார்க்கும்வரை பிசிஜி போடக் கூடாது.